உன் நூலகத்தை வீட்டுக்கு இறக்கப் பார்த்தேன்

என் மகளே, செகந்திராபாத் பக்கத்துக் குஷாய்குடாவிலிருந்து உன் அம்மா மண்டையைச் சொறிந்துகொண்டே எழுதுவது. நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. காலையில்தான் வீடியோவில் பார்த்தேன். மூக்கு நுனி சிவந்திருந்தது, கழுத்தில் நான் கொடுத்தனுப்பிய மப்ளர் இல்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "அம்மா, மீட்டிங்" என்று சொல்லி அணைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி அணைக்க முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதிய பக்கங்களை அப்பா படம் பிடித்து உனக்கு அனுப்புவார். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும். ஆனால் எந்தக் காலத்திலோ செத்துப்போன டச்சு வியாபாரியின் கிறுக்கலையெல்லாம் படித்துச் சொல்லும் ஒரு கருவி வைத்திருக்கிறாயே, அதை என் கையெழுத்தின் மேலும் ஓட்டிப் பார். அதற்கும் புரியவில்லை என்றால் அப்பாவுக்குப் போன் போடு. என் கையெழுத்துக்குப் பழகிய ஆள் அவர் ஒருவர்தான்.

நீ கிளம்பிப் போனதிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். உன் படிப்பு எனக்கு என்றைக்குமே முழுசாகப் புரிந்ததில்லை. ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி யாராவது கேட்டால், மாத்திரை செய்கிறான் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். உன்னைப் பற்றிக் கேட்டால் "ஆசிய ஆய்வு" என்பேன். "ஆசியாவிலதானே இருக்கோம், அதை ஆராய எதுக்கு ஐரோப்பா போகணும்?" என்று அடுத்த கேள்வி வரும். மச்சிலிப்பட்டினத்திலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன அச்சுத் துணிகளைப் பற்றி எழுதுகிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். "துணி வியாபாரமா?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் துணி உன் தலையில் எங்கே ஏறியது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நாம்பள்ளி எக்ஸிபிஷனில் நான் வாங்கி வந்த கலம்காரிப் போர்வை ஒன்று நம் கட்டிலில் கிடந்தது. நீ பள்ளிக்கூடம் போகாமல் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அதில் இருக்கும் கொடியை விரலால் தொட்டுக்கொண்டே போய், போர்வையின் ஓரம் வந்ததும், "இது இங்க நின்னுடுச்சே, மிச்சம் எங்க போச்சு?" என்று கேட்டாய். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் ஏதோ சொல்லி வைத்தேன். மிச்சத்தைத் தேடி நீ கடல் கடந்து போவாய் என்று அப்போது தெரிந்திருந்தால் வெள்ளைப் போர்வையாக வாங்கியிருப்பேன்.

போன வருஷம் ஆய்வேட்டை எழுதி முடிக்க நீ வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாய் அல்லவா, அந்த மாதங்கள்தான் எனக்குத் தீபாவளி. காலையில் காபி, இட்லி, அப்புறம் லேப்டாப். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே திரையைப் பார்ப்பேன். நீயும் பொறுமையாகக் காட்டுவாய். உலகத்தில் எந்த நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று ஒரே இடத்தில் தேடும் பட்டியல், ஆங்கில எழுத்துக்கு அடியில் புள்ளி வைத்துத் தமிழையும் தெலுங்கையும் பாரசீகத்தையும் எழுதும் முறை, ஓலையையும் காகிதத்தையும் படமெடுத்து வைத்திருக்கும் தளங்கள். மச்சிலிப்பட்டினத்தைத் தேட நீ ஐந்தாறு விதமாக அந்த ஊரின் பெயரைத் தட்டினாய். ஒவ்வொரு பெயருக்கும் வேறு வேறு புத்தகங்கள் வந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சாமான் கணக்குப் பார்த்த தொழிற்சாலை ஸ்டோர்ஸில் ஒரே ஸ்க்ரூவுக்கு இரண்டு கோட் நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு பெட்டியில் தீர்ந்துவிட்டது என்று புதிதாக வாங்குவோம், இன்னொரு பெட்டியில் அதே ஸ்க்ரூ தூங்கிக்கொண்டிருக்கும். இத்தனை படித்தவர்களும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

ஒருநாள் நீ ஒரு பழைய துணியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாய். எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பது. பெரிதாக்கப் பெரிதாக்க நூலின் இழை தெரிந்தது, இழைக்குள் சாயம் ஊறாமல் விட்ட இடம் தெரிந்தது. நம் கரையிலிருந்து போன துணியை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஆனால் அது இங்கே இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா? நீயோ, "எதுக்கு இவ்ளோ யோசிக்கிற, அம்மா? பாத்துக்கோ, நல்லாருக்குல்ல?" என்றாய். நல்லாத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அங்கே வேலை கிடைக்கும்போல இருக்கிறது என்று சொன்னாய். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு இரண்டு வருஷம், நீ படித்த அதே பல்கலைக்கழகத்தில். எனக்கு இட்லி மாவு கையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஏட்டி, எல்லாந்தான் கம்ப்யூட்டர்லயே இருக்குன்னு சொல்லுத. பொறவு எதுக்கு அங்கன போணும்?"

"ஹவ் அம்மா, ஆமா, ஆன்லைன்லதான் இருக்கு. ஆனா லாகின் அவங்களோடது. தீசிஸ் குடுத்ததும் ஸ்டூடண்ட் அக்கவுண்ட் க்ளோஸ். அப்புறம் இங்க உக்காந்தா எனக்கு ஒண்ணுமே ஓப்பன் ஆகாது."

பூட்டு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நம்புவாயோ மாட்டாயோ, நீ குளிக்கப் போன நேரத்தில் என் போனிலேயே அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே போக வேண்டுமானால் உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றது. தட்டினேன். நீளமான பட்டியல் ஒன்று இறங்கி வந்தது, எல்லாம் எந்தெந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களோ. நான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த எங்கள் தொழிற்சாலையின் பெயர் அதில் இருக்காது என்று தெரிந்தும், அந்த எழுத்து வரும்வரை தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தேன். இல்லை. போனை வைத்துவிட்டுப் போய் உனக்குத் தோசை வார்த்தேன்.

இனி நான் செய்த வேலை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஏன் செய்தேன் என்று நீ கேட்ட விதத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்டோர்ஸில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சப்ளையர் கடையை மூடப் போகிறான், அல்லது சாமான் வருவது நிற்கப் போகிறது என்று காதில் விழுந்தால், அன்றைக்கே இண்டெண்ட் என்று தேவைச் சீட்டு போட்டு, கிடைக்கிற மட்டும் எடுத்து அடுக்கி வைத்துவிடுவோம். கேட்பவர்கள் நாளை வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்லக் கூடாது. அதுதான் எங்கள் மானம். நீ செகந்திராபாத்தில் சிநேகிதி கல்யாணத்துக்குப் போன பகலில், லேப்டாப்பைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருந்தாய். நான் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை முதல் நாளே வாங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். உன் கணக்கு மூடுவதற்குள் அத்தனையையும் வீட்டுக்கு இறக்கிவிட்டால், நீ எதற்குப் போகப் போகிறாய்? இதுதான் என் திட்டம். உலகத்திலேயே இவ்வளவு சுலபமான திட்டம் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

உன் அப்பா பேப்பரை மடக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். "ஏட்டி, அவளக் கேக்காம அதத் தொடாத. பொறவு வம்பாப் போவும்" என்றார். "நீங்க சும்மா இரிங்க, நம்ம பிள்ளைக்குத்தானே எடுக்கேன்" என்றேன். நீ எந்த ஆய்விதழ்களைத் திறப்பாய் என்று எனக்குத் தெரியும். முதல் தொகுதியிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று இறங்கி முடிந்ததும் அடுத்தது. துணி என்று இருந்ததை மட்டும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கப்பல் என்று இருந்ததையும் எடுத்தேன், சாயம் என்று இருந்ததையும் எடுத்தேன், ஜப்பான் என்று இருந்ததையும் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்தேன். நடுவில் திரை, நீங்கள் ரோபோவா என்று கேட்டது. டிராஃபிக் விளக்கு இருக்கிற படங்களைத் தொடச் சொன்னது. அந்த ஊர் விளக்குகள் நம் ஊர் விளக்குகள் போலவா இருக்கின்றன? கம்பத்தையும் சேர்த்துத் தொட வேண்டுமா வேண்டாமா என்று புரியாமல் திணறி, கடைசியில் நான் மனுஷிதான் என்று அது ஒப்புக்கொண்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. சற்று நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சாம்பார் வைக்கப் போனேன்.

மறுநாள் உனக்கு வந்த மெயிலைப் படித்ததும் உன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். யாரோ மொத்தமாக இறக்குகிறார்கள் என்று அந்தப் பதிப்பாளர் உன் பல்கலைக்கழகம் முழுவதற்குமே கதவைச் சாத்திவிட்டாராம். அங்கே உன் துறையில் ஒருவராலும் ஒரு கட்டுரையைத் திறக்க முடியவில்லை, தடம் பிடித்துப் பார்த்தால் உன் பெயர். கோபம் வந்தால் உனக்குத் தெலுங்குதான் வரும். "எந்துக்கம்மா இலா சேசாவு?" என்று கேட்டாய். ஏன் இப்படிச் செய்தாய் என்று எந்த மொழியில் கேட்டாலும் என்னிடம் இருந்தது ஒரே பதில்தான், நீ போகக் கூடாது என்பது. "ஜாப் கான்ட்ராக்ட் இன்னும் சைன் ஆகல, அம்மா. இதனால போனாலும் போயிடும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாய்.

இதை நான் உன்னிடம் சொல்லாமல் இருந்தால் இந்தக் கடிதமே பொய். அது போய்விடும் என்று நீ சொன்ன அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் கண் கலங்கி இருக்கிறது, என் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும்? பெற்றவளுக்கு இப்படித் தோன்றுமா, தோன்றலாமா? யாரிடம் கேட்பது? உன் அப்பாவிடம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு மத்தியானம் உனக்குப் பிடித்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். நீ சாப்பிட வரவில்லை.

சாயந்திரம் உன் பல்கலைக்கழக நூலகத்து அம்மாளோடு உனக்கு வீடியோ கால். கதவு ஒருக்களித்திருந்தது. நான் துணி மடிப்பது போலக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்ன நடந்தது என்று கேட்கிறார். நீ அமைதியாக, ஆங்கிலத்தில், "நான்தான் செய்தேன். என் தவறு" என்று சொன்னாய். என் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது. நீ சின்ன வயதில் தண்ணீர்க் கூஜாவை உடைத்துவிட்டுக் காற்றின் மேல் பழி போட்ட பெண். அவள் எப்போது இப்படி வளர்ந்தாள்? நான் வாயை மூடிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால் போதும். வேலை போயிருக்கும், நீ இங்கேயே இருந்திருப்பாய். நான் ஆசைப்பட்டது அதுதானே. ஆனால் என் கால் நிற்கவில்லை. நைட்டிமேல் அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உன் திரைக்கு முன்னால் குனிந்தேன்.

"மேடம், ஷி டிட் நாட் டூ. ஐ டிட். ஐ ஆம் ஸ்டோர்ஸ்."

"அம்மா, நக்கோ! வேணாம், ப்ளீஸ்!" என்று நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்டோர்ஸ் என்றால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சப்ளை நிற்கப் போகும்போது நாங்கள் என்ன செய்வோம் என்று சொன்னேன். எதற்காக இவ்வளவையும் என்று கேட்டார். மகள் அங்கே வர வேண்டாம் என்பதற்காக என்றேன். அதற்குப் பிறகு ஆங்கிலம் எனக்குக் கைகொடுக்கவில்லை. என் சாம்பார் அடுப்பில் பொங்குகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. கடவுச்சொல்லை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது என்று உனக்கு ஒரு பாட்டு விட்டார், அது நியாயம். இறக்கியதையெல்லாம் அழித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் பதிப்பாளரிடம் பேசிக் கதவைத் திறக்கச் சொல்வதாகவும், வேலை விஷயத்தில் இதைக் குறையாக எழுதப் போவதில்லை என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். நீ மொழிபெயர்த்துச் சொன்னாய். "அம்மா, வெளிய இருந்து லாகின் பண்ணத்தான் ரூல்ஸாம். நேர்ல லைப்ரரிக்கு நடந்து வர்றவங்க யாரா இருந்தாலும், அங்க உக்காந்து எதை வேணும்னாலும் படிக்கலாமாம். உன்னை வரச் சொல்றாங்க." எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டிலிருந்து எடுத்தால் திருட்டு, வாசல் வழியாக வந்தால் விருந்தாளியா? அதே புத்தகம்தானே, அதே எழுத்துதானே? உன்னிடம் கேட்டேன். "லைசென்ஸ் அப்படித்தான்" என்றாய். உனக்கும் அதற்கு மேல் தெரியாது என்று நினைக்கிறேன்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். மொத்தமாக அழிக்க வழி உண்டு என்று நீ காட்டினாய், எனக்கு மனசு வரவில்லை. கஷ்டப்பட்டு அடுக்கியவள் அல்லவா. அழிப்பதற்கு முன் ஒன்றிரண்டைத் திறந்தும் பார்த்தேன். எங்கோ ஜாவாவில் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் நம் ஊர்த் துணியை மட்டும் பெட்டியில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கொடுப்பார்களாம். யார் நெய்தது என்று அவர்களுக்குத் தெரியாது, யார் கட்டுகிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. நீ வந்து என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினாய். முடித்ததும் நானே அதையும் அழித்தேன். நான் உன்னோடு சண்டை போடாமல் உன் படிப்பைப் படித்தது அந்த ஒரு நாள்தான்.

அப்புறம் கான்ட்ராக்ட் கையெழுத்தானது, டிக்கெட் வந்தது, நீ போனாய். நான் உள்ளே வந்து அந்த அம்மாளிடம் பேசியது சரியா, தப்பா என்று இன்னும் தெரியவில்லை. ஒருநாள் சரி என்று தோன்றுகிறது. உன் தட்டை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிற நாளில் தப்பு என்று தோன்றுகிறது. அப்பாவைக் கேட்டால், "ரெண்டுந்தான்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுகிறார். உனக்குப் புத்தி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இப்போதைக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். செய்யாத தப்பை ஏற்றுக்கொள்ளாதே, எனக்காகக்கூட வேண்டாம். நீ அறையில் இல்லாதபோது லேப்டாப்பை மூடி வை. உலகத்தில் நான் ஒருத்திதான் ஸ்டோர்ஸ் என்று நினைக்காதே. மப்ளரைப் போட்டுக்கொள்.

இன்னொன்று. நேற்று நானும் அப்பாவும் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்றார்கள், எனக்கு அடக்க முடியவில்லை. ரொம்ப நாள் தங்க மாட்டேன், பயப்படாதே. அந்த நூலகத்துக்கு ஒரு நாள் நடந்து போவேன். அந்த ஜாவாக் கல்யாணப் பக்கத்தை அங்கே உட்கார்ந்து திறந்து பார்ப்பேன். வாசலில் யாரும் எந்த நிறுவனம் என்று கேட்க மாட்டார்களாம். கேட்டால், உன் பெயரைச் சொல்லப் போகிறேன்.